துறைமுகத் தேக்கமும் நாட்டுப் பொருளாதாரக் கொள்கையும்: திண்டுக்கல் வட்டார வணிகத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

துறைமுகத் தேக்கம் என்ற அளவிலேயே, முறை வருந்துணையும் கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களும், கரையில் மலைபோலக் குவிந்து கிடக்கும் சரக்குகளுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. அதற்குரிய காரணங்களையும் நாம் துறைமுகத்திலேயே தேடுகின்றோம். ஆழம் போதாமை, தளங்களின் குறைவு, பளுதூக்கிகளின் பழைமை, இருப்புப்பாதை வண்டிகளின் பற்றாக்குறை ஆகியன பொதுவாகக் கூறப்படுவன. இவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் இவை மட்டுமே காரணமாயின், ஆழமும் கருவியும் பெருகியபின் தேக்கம் நீங்கியிருத்தல் வேண்டும். வரலாறு அங்ஙனம் காட்டவில்லை.

கடலோரத்தில் நின்று காணாமல், கடலே காணாத உள்நாட்டு ஊர் ஒன்றில் நின்று இச்சிக்கலை நோக்கின் வேறோர் உண்மை புலனாகும் என்பது நம் கருத்து. அத்தகைய ஊராகத் திண்டுக்கல்லை ஈண்டு எடுத்துக் கொள்கின்றோம். தூத்துக்குடித் துறைமுகத்திற்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட சமவெளியில் அமைந்த ஊர் இது. புகையிலை, பதனிட்ட தோல், பஞ்சு நூல், சின்ன வெங்காயம் ஆகிய நான்கும் இவ்வட்டாரத்தின் பெயரை வெளியுலகிற்கு எடுத்துச் சென்ற பொருள்கள். இந்நான்கின் வரலாற்றையும் ஒருசேர நோக்குமிடத்து, துறைமுகத்தில் சரக்குத் தேங்குவது வணிகம் பெரிதானதால் மட்டுமன்று, வணிகம் ஒரே காலத்தில் வந்து குவியுமாறு செய்யப்படுவதாலும் ஆகும் என்பது தெரியவரும். அக்காலத்தை வகுப்பது பெரும்பாலும் நாட்டின் பொருளாதாரக் கொள்கையே. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியமும் கல்வெட்டும்

தமிழிலக்கியத்தில் துறைமுகச் சரக்குக் குவியலை விரிவாகக் கூறுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தில் உல்கு கொள்வோர் நாள்தோறும் தளர்வின்றிப் பணி செய்வதையும், நீரினின்று நிலத்தில் ஏற்றப்படுவனவும் நிலத்தினின்று நீரிற் பரப்பப்படுவனவுமாகிய பண்டங்கள் புலிப்பொறி இடப்பெற்று முன்றிலில் அடுக்கப்படுவதையும் அந்நூல் கூறுகின்றது. இவ்விருவழிப் போக்கிற்குப் புலவர் கூறும் உவமை நம் ஆய்வுக்கு மிகவும் இன்றியமையாதது. முகில் கடல்நீரை முகந்து மலையிற் பொழிய, மலையிற் பொழிந்த நீர் மீண்டும் கடலிற் சென்று பரவும் மாரிக்காலத்தோடு அப்போக்கு ஒப்பிடப்படுகின்றது. கடலை மட்டும் கூறாது மலையையும் உடன் கூறியதால், துறைமுகம் என்பது தனித்து நிற்பதன்று, உள்நாட்டோடு பிணைந்தது என்னும் கருத்துப் பெறப்படும். மாரி என்னும் பருவத்தைச் சுட்டியதால், சரக்கு ஆண்டு முழுவதும் ஒரு சீராக வருவதன்று, பருவம் நோக்கி வருவது என்பதும் பெறப்படும்.

குவிந்த மூட்டைகளின்மேல் நாயும் ஆட்டுக்கடாவும் ஏறித் துள்ளுதல், மலைச்சரிவில் வருடை துள்ளுவது போன்றது என்றும் அந்நூல் கூறும். விலங்குகள் ஏறி விளையாடும் அளவிற்கு மூட்டைகள் முன்றிலில் கிடந்தன என்றால், அதனை இன்றைய துறைமுக அலுவலர் 'தேக்கம்' என்றே குறிப்பார். புலவரோ அதனை வளத்தின் அடையாளமாகக் கொண்டார். ஒரே காட்சி ஒரு காலத்திற் பெருமையாகவும் மற்றொரு காலத்தில் இழப்பாகவும் தோன்றுவதேன்? காத்திருப்பிற்கு விலை குறிக்கப்படுவதே காரணம் என்க. பருவக்காற்றை நோக்கிக் கலம் செலுத்திய காலத்தில் காத்திருத்தல் வணிகத்தின் இயல்பு. நீராவிக் கப்பல் வந்தபின், கப்பல் வாளா நிற்கும் ஒவ்வொரு நாளும் கணக்கில் ஏறும் செலவாயிற்று.

பெருங்கலம் கூம்பின் பாயைக் களையாமலும், மேலேற்றிய பாரத்தைக் குறையாமலும் புகார் முகத்துட் புகுந்த செய்தியைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டிற் காண்கின்றோம். பாரத்தைக் குறைத்தே பெருங்கலங்கள் கரை சேர்தல் பொதுவழக்காய் இருந்தாலன்றி, அங்ஙனம் குறையாமற் புகுந்தது பாடத்தக்க சிறப்பாயிராது. துறையின் ஆழமே துறையின் தரம் என்னும் உணர்வு அன்றே இருந்தது.

அரசின் கொள்கை வணிகத்தை வளைக்கும் என்பதற்கும் பழஞ்சான்றுகள் உள. திருக்குறளில் வரும் 'உல்கு' என்னும் சொல்லிற்குச் சுங்கம் எனப் பொருள் கண்ட பரிமேலழகர், கலத்தினும் காலினும் வரும் பண்டங்களுக்கு உரிய இறை அஃது என விளக்குவார். கடல்வழியும் தரைவழியும் ஒரே ஆணைக்கு உட்பட்டன என்பது இதனால் தெளிவாம். முதற் குலோத்துங்கன் (கி.பி. 1070–1120) 'சுங்கம் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். காகதிய மன்னன் கணபதிதேவனின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு, 13ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், கடல் வணிகர்க்கு அபயம் அளித்துச் சுங்க வீதங்களை வரையறுத்தது. கரையொதுங்கிய கலங்களின் சரக்கை முன்னைய அரசர் கவர்ந்து கொண்ட வழக்கத்தை அக்கல்வெட்டு ஒழித்தது. வீதம் முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும், நடுவழியில் மாறுதல் கூடாது என்பதே வணிகன் அரசனிடம் வேண்டுவதில் முதன்மையானது என்பதற்கு இக்கல்வெட்டே சான்று.

தோணித் துறையும் புகைவண்டியும்

சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி 1792-இல் திண்டுக்கல் சீமை கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குட்பட்டது. அதன்பின் இவ்வட்டாரப் பொருள்கள் கடலை நோக்கிச் செல்லும் பாதை மெல்ல மெல்ல ஒருமுகப்பட்டது. 1875-இல் தென்னிந்திய இருப்புப்பாதை திண்டுக்கல் வழியாக மதுரையை அடைந்தது. 1876-இல் தூத்துக்குடி வரை தொடர் நீண்டது. மாட்டுவண்டி வழியிற் பல நாள் எடுத்த பயணம் ஒரு நாளைக்குள் அடங்கிற்று. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்படும் வரை இலங்கை செல்வோரும் தூத்துக்குடியிற் கப்பலேறிக் கொழும்பு செல்வதே பெருவழக்காய் இருந்தது.

ஆயினும் தூத்துக்குடிக் கடல் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் அப்பால் நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றியும் இறக்கியும் வந்தன. புகைவண்டி ஒரே நாளிற் கொணர்ந்து குவித்த சிப்பங்களைத் தோணிகள் பல நாள் கடத்த வேண்டியிருந்தது. வாடைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் அதுவும் நின்றது. ஒரு பகுதியின் விரைவு மற்றொரு பகுதியின் மெதுவோடு மோதுமிடத்தில் தேக்கம் பிறக்கும் என்னும் பொதுவிதியை இங்குக் காண்கின்றோம். தரைவழியில் முதலிட்ட அரசு கடல்வழியில் முதலிடவில்லை. இஃது இயற்கையின் குறையன்று, முதலீட்டு வரிசையின் விளைவு.

கப்பல் வணிகமும் கொள்கைக்குப் புறம்பானதன்று. தூத்துக்குடி–கொழும்பு வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி கொண்டிருந்த தனியுரிமையை எதிர்த்து, 1906-இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவினார். 1908-இல் அவர் தண்டிக்கப்பட்டதும், கம்பெனி நலிந்து மறைந்ததும் யாவரும் அறிந்த வரலாறு. எக்கொடி பறக்கும் கப்பல் எத்துறையிற் சரக்கேற்றலாம் என்பது அரசியலால் முடிவு செய்யப்படும் வினா என்பதை அந்நிகழ்ச்சி தமிழர்க்கு உணர்த்திற்று. அவ்வினா 2018-இல் மீண்டும் எழுந்ததைப் பின்னர்க் காண்போம்.

புகையிலையைப் பொறுத்தவரை, கொள்கையின் கை துறைமுகத்தை அடையும் முன்னரே நீண்டது. 1943-இல் புகையிலைமீது நடுவணரசின் கலால் வரி விதிக்கப்பட்டது. அதன்பின் இலை களத்திலிருந்து பண்டகசாலைக்கும், பண்டகசாலையிலிருந்து சுருட்டுத் தொழிற்கூடத்திற்கும் செல்ல உரிமச் சீட்டு வேண்டியதாயிற்று. 1948-இல் வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஒரு துறை விளைச்சலைப் பெருக்க முயல, மற்றொரு துறை அதன் நகர்வைச் சீட்டுக்குட்படுத்திற்று. பதப்படுத்தாத இலைமீதான அவ்வரி 1979-இல் நீங்கிற்று.

திட்டக் காலத்துத் தேக்கம்

நாட்டு விடுதலைக்குப் பின், 1947-ஆம் ஆண்டின் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெளிநாட்டு வணிகம் முழுவதையும் உரிம முறைக்குட்படுத்திற்று. 1950-களில் இறக்குமதிக் கொள்கை ஆறு திங்களுக்கு ஒருமுறை அறிவிக்கப்பட்டு வந்தது. அறிவிப்பு வந்ததும் உரிமம் பெறுதல், உரிமம் கிட்டியதும் வெளிநாட்டிற் கொள்முதல் செய்தல், காலக்கெடு முடியுமுன் சரக்கை வருவித்தல் என வணிகர் அனைவரும் ஒரே நாட்காட்டியின்படி இயங்கினர். அடுத்த பருவத்தில் உரிமம் கிடைக்குமோ கிடைக்காதோ என்னும் ஐயம் அவர்களைத் தேவைக்கு மிகுதியாகவே வருவிக்கத் தூண்டிற்று.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். திங்களுக்கு 10 கப்பல்களைக் கையாளவல்ல துறை ஒன்று உளதெனக் கொள்வோம். ஆண்டிற்கு வருவன 100 கப்பல்களே என்றால், துறையின் ஆற்றல் 120 ஆதலின் தேக்கத்திற்கு இடமில்லை எனத் தோன்றும். சரக்குச் சீராக வரின் அஃது உண்மையே. ஆனால் ஓர் ஆணையின் காரணமாக முதல் திங்களிலேயே 40 கப்பல்கள் வந்துவிடின், அத்திங்களின் இறுதியில் 30 கப்பல்கள் கடலிற் காத்து நிற்கும். எஞ்சிய 60 கப்பல்கள் மற்றைப் பதினொரு திங்களிலும் சீராக வந்தாலும், துறைக்குத் திங்கள்தோறும் மிஞ்சும் ஆற்றல் நான்கரை கப்பலளவே. பழைய நிலுவை தீர மேலும் ஏழு திங்களாகும். ஆண்டிறுதிக் கணக்கைப் பார்ப்பவர்க்கோ துறை தன் ஆற்றலுக்குக் குறைவாகவே உழைத்ததாகத் தோன்றும். துறைமுகத் தேக்கத்தை ஆண்டுச் சராசரியால் அளத்தல் பிழை என்பதற்கு இஃதொன்றே போதும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் (1956–61) எஃகு, இயந்திரம் ஆகியவற்றின் இறக்குமதியைப் பெருக்கிற்று. 1956 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் செய்துகொண்ட பி.எல். 480 உடன்படிக்கையால் தானியக் கப்பல்களும் வந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் 1957 ஏப்ரல் வரை சூயசுக் கால்வாய் மூடப்பட்டிருந்ததால் கப்பல்களின் வருகை முறை குலைந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய பெருந்துறைகளில் நெருக்கடி தோன்றிற்று. 1957-இல் அன்னியச் செலாவணி குறைந்ததும் அரசு இறக்குமதியைக் கடுமையாகச் சுருக்கிற்று. ஓராண்டு பெருவெள்ளம், மறு ஆண்டு வறட்சி என்னும் நிலை. 1966-இல் மீண்டும் பஞ்சக் காலத்தில் ஏறத்தாழ 1 கோடி டன் தானியம் இந்தியத் துறைமுகங்களில் இறங்கிற்று. அவ்வாண்டு சூன் 6 அன்று உரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு, டாலருக்கு 4.76 உரூபாயாய் இருந்தது 7.50 ஆயிற்று. தானியக் கப்பலுக்கு முதலிடம் தருதல் அறமே. பசித்தவர்க்கு உணவு காத்திருக்கலாகாது. ஆயினும், ஒரு சரக்கிற்கு முதலிடம் என்றால் மற்றொன்றிற்குக் கடையிடம் என்பதும் உடன்வரும் உண்மையாகும். அக்கடையிடம் நெசவாலைக்குரிய உதிரியுறுப்பிற்கும் தோற்சிப்பத்திற்கும் வாய்த்தது.

இந்நெருக்கடிகளின் பின்னணியிலேயே தெற்கில் ஓர் ஆழ்துறை வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1955-இல் ஏ. இராமசாமி முதலியார் தலைமையில் அமைந்த குழு சேதுக் கால்வாயோடு தூத்துக்குடித் துறைமுகத்தையும் இணைத்து ஆராய்ந்தது. புதிய துறைமுகம் 1974 சூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979-இல் பழைய துறையும் அதனோடு இணைந்தது. எனினும் துறைமுகம் திறந்த நாளில் அதன் பின்புலத்தில் திண்டுக்கல், மதுரை வழியாகச் செல்லும் இருப்புப்பாதை மீட்டர்ப் பாதையே. வடக்கிலிருந்து அகலப்பாதையில் வந்த சரக்கைத் திருச்சிராப்பள்ளி போன்ற சந்திப்புகளில் வண்டி மாற்ற வேண்டியிருந்தது. கரூர்–திண்டுக்கல் வழியாகத் தூத்துக்குடிக்கு அகலப்பாதை 1980-களிலும் 1990-களிலுமே படிப்படியாக அமைந்தது. 19ஆம் நூற்றாண்டில் தரைவழி விரைவு, கடல்வழி மெது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தலைகீழாயிற்று. இரண்டையும் ஒருசேர வளர்க்கும் கொள்கை எக்காலத்தும் அரிதாகவே இருந்தது.

தோல் வணிகம்: பொருளின் வடிவத்தை மாற்றிய ஆணை

திண்டுக்கல் தோல் பதனிடுவோர் நெடுங்காலம் ஆவாரம்பட்டை முதலிய மரப்பட்டைகளாற் பதப்படுத்திய அரைப்பதத் தோலையே ஏற்றுமதி செய்தனர். சென்னைத் துறை வழியாக இலண்டன் ஏலச் சந்தைக்குச் சென்ற சரக்கு அது. அரைப்பதத் தோல் சிப்பமாகக் கட்டி வைத்தால் கெடாது. கப்பல் இரு வாரம் தாழ்ந்தாலும் பொருளுக்குக் கேடில்லை. 1967 முதல் 1975 வரை சூயசுக் கால்வாய் மூடிக் கிடந்து, கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்ற காலத்தும் அப்பொருள் தாங்கிற்று.

1972-இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோலை விற்பது நாட்டிற்கு இழப்பு, முழுப்பதத் தோலும் தோற்பொருளும் ஏற்றுமதியாதல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1973-இல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அளவு வரையறுக்கப்பட்டது. நோக்கம் நன்று. கைவினையின் கூலி நாட்டிலேயே தங்க வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயின், முழுப்பதத் தோலும் தோற்பொருளும் வெளிநாட்டு ஆடை அணிகலன்களின் பருவ வழக்கை ஒட்டியவை. குறித்த நிறம் குறித்த திங்களிற் சென்று சேர வேண்டும். இங்ஙனம், காத்திருக்கவல்ல சரக்கு காத்திருக்கலாகாத சரக்காக மாறிற்று. துறையில் நிகழும் ஒரு வாரத் தாழ்வு முன்னர் வட்டிச் செலவு மட்டுமாய் இருந்தது. இப்போது ஒப்பந்த முறிவுக்கே காரணமாயிற்று. பொருளின் தன்மையை மாற்றும் கொள்கை துறைமுகத்தின் கடமையையும் மாற்றுகின்றது என்பதை அக்காலத் திட்டங்கள் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை.

வேதிப்பொருட் பதனீட்டின் பெருக்கம் திண்டுக்கல்லின் கிணற்று நீரையும் கெடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வழங்கிய தீர்ப்புத் திண்டுக்கல் தோற்கூடங்களையும் உள்ளடக்கியது. வெளிநாட்டுச் செலாவணிக்காக வகுத்த கொள்கையின் விலையை உள்ளூர் நிலத்தடி நீர் செலுத்திற்று எனல் மிகையன்று.

சரக்குப் பெட்டகமும் கொழும்புத் துறையும்

1991-இன் பொருளாதாரச் சீர்திருத்தமும், 1992-இன் அயல்நாட்டு வணிகச் சட்டமும் உரிம முறையைப் பெரிதும் தளர்த்தின. வேடசந்தூர்ப் பக்கத்தில் நூற்பாலைகள் பெருகின. நூல் வெளிநாடு சென்றது. பஞ்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. வணிகர் 'கண்டெய்னர்' என வழங்கும் சரக்குப் பெட்டகமே இரண்டிற்கும் ஊர்தி. தூத்துக்குடியில் தனியார் பெட்டக முனையம் 1999-இல் இயங்கத் தொடங்கிற்று.

பெட்டக வணிகத்தில் பெருங்கப்பல்கள் சில துறைகளையே நாடும். ஏனைய துறைகளிலிருந்து சிறு கப்பல்கள் அங்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும். திண்டுக்கல் நூலுக்கு அப்பெருந்துறை பெரும்பாலும் கொழும்பாகவே அமைந்தது. ஆழமும் பெருவழிக்கு அணிமையும் மட்டும் இதற்குக் காரணமல்ல. 1958-ஆம் ஆண்டின் வணிகக் கப்பற் சட்டம், இந்தியத் துறையிலிருந்து மற்றோர் இந்தியத் துறைக்குச் சரக்கேற்றும் உரிமையை இந்தியக் கப்பல்களுக்கே பொதுவில் ஒதுக்கி, அயற்கொடிக் கப்பல் அதற்கெனத் தனி உரிமம் பெற வேண்டும் என விதித்தது. இதனால் அயற்கொடிக் கப்பல் தூத்துக்குடிப் பெட்டகத்தைக் கொழும்பிற்குத் தடையின்றிக் கொண்டு செல்லலாம். கொச்சிக்குக் கொண்டு செல்ல உரிமம் வேண்டும். சிதம்பரனார் காலத்தில் அயலார் தனியுரிமைக்கு எதிராக எழுந்த உணர்வே இச்சட்டத்தின் வேர். அவ்வுணர்வு போற்றத்தக்கது. எனினும் இந்தியக் கப்பல்கள் போதிய அளவு பெருகாத நிலையில், சட்டம் காத்தது இந்தியக் கப்பலை அன்று, கொழும்புத் துறையையே என்னும் குறை எழுந்தது. 2011-இல் திறந்த வல்லார்பாடம் முனையத்திற்காக 2012-இல் இவ்விதி தளர்த்தப்பட்டது. 2018 மே திங்களில், ஏற்றுமதி இறக்குமதிப் பெட்டகங்களைப் பொறுத்தவரை நாடு முழுமைக்கும் தளர்த்தப்பட்டது.

பிறநாட்டுத் துறையைச் சார்ந்திருத்தலின் விளைவு இருமுறை தெளிவாகப் புலப்பட்டது. 2020-இன் இறுதியில் கொள்ளைநோய்த் தொற்றால் கொழும்புத் துறையிற் பணி தளர்ந்தபோது, தூத்துக்குடியிற் பெட்டகங்கள் தாழ்ந்தன. 2023 நவம்பர் முதல் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதால் பெருங்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 2024-இல் கொழும்பிற்கு வந்த மாற்றுச் சரக்குப் பெருகி, நெருக்கடி மீண்டும் தோன்றிற்று. திண்டுக்கல் ஆலையிலும் தூத்துக்குடித் தளத்திலும் குறையொன்றுமில்லாதபோதும் நூல் காத்திருந்தது. 2024 செப்டம்பரில் தூத்துக்குடியில் புதிய பெட்டக முனையமும், 2025 மே 2 அன்று விழிஞ்ஞம் ஆழ்துறையும் நாட்டிற்கு உரித்தாக்கப்பட்டன. இவை ஆற்றலைப் பெருக்கின. ஆனால் சரக்கு வரும் காலத்தைச் சீராக்குதல் இவற்றால் இயலாது. அது வேறோரிடத்தில் முடிவு செய்யப்படுவது.

பஞ்சும் வெங்காயமும்: நாட்குறித்த ஆணைகள்

2021 பிப்ரவரியில் பஞ்சு இறக்குமதிக்கு ஏறத்தாழ 11 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 14 முதல் செப்டம்பர் 30 வரை விலக்களிக்கப்பட்டு, பின்னர் அக்டோபர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2025 ஆகஸ்டு 19 முதல் செப்டம்பர் 30 வரை மீண்டும் விலக்கு. அஃதும் சில நாட்களிலேயே திசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. முதலில் அறிவித்த 43 நாட்களை எண்ணிப் பார்ப்போம். அமெரிக்காவிலோ மேலை ஆப்பிரிக்காவிலோ அன்று கொள்முதல் செய்து, சிப்பமாக்கி, கப்பலேற்றி, தூத்துக்குடி சேர்ப்பதற்கு அக்காலமே போதுவது அரிது. எனவே அத்தகைய சலுகை முதற்கண் பயன்படுவது ஏற்கனவே கடலில் வருவதற்கும், பண்டகசாலையிற் காத்திருப்பதற்குமே. விலக்கு வரும் என்று எண்ணுவோர் சரக்கை எடுக்காமல் நிறுத்துவர். விலக்கு முடியும் என்று அஞ்சுவோர் ஒருங்கே எடுக்க முற்படுவர். இருவர் செயலும் தேக்கத்தையே விளைக்கும். அயல்நாட்டு ஆணையும் இவ்வாறே. 2025 ஆகஸ்டு 27 அன்று அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது விதித்த கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டிற்று. அந்நாளுக்கு முன் சரக்கை அனுப்பிவிட ஏற்றுமதியாளர் விரைந்ததும் இவ்வியல்பின்பாற்படும்.

இனி வெங்காயம். திண்டுக்கல் சந்தை சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்றது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் தமிழ்க் குடும்பத்துச் சமையலில் இதற்கு ஈடான மாற்றில்லை. நூலைப் போலவோ தோலைப் போலவோ இது காத்திருக்கும் பொருளன்று. காற்றின்றி அடைபட்டால் முளைவிடும்; ஈரம்பட்டால் அழுகும்.

வெங்காய ஏற்றுமதியை நடுவணரசு 2019 செப்டம்பர் 29 அன்று தடைசெய்து, 2020 மார்ச்சு 15 முதல் தடை நீக்கிற்று. 2020 செப்டம்பர் 14 அன்று மீண்டும் தடைசெய்து, 2021 சனவரி 1 முதல் நீக்கிற்று. 2023 ஆகஸ்டில் 40 விழுக்காடு ஏற்றுமதி வரியும், அக்டோபரில் டன்னுக்கு 800 டாலர் என்னும் குறைந்தபட்ச விலையும் வந்தன. திசம்பர் 8 அன்று முழுத்தடை வந்தது. 2024 மே 4 அன்று தடை நீங்கினும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 விழுக்காடு வரியும் நின்றன. செப்டம்பரில் குறைந்தபட்ச விலை நீங்கி, வரி 20 விழுக்காடாயிற்று. 2025 ஏப்ரல் 1 முதல் அவ்வரியும் நீங்கிற்று. ஐந்தரை ஆண்டிற்குள் இத்துணை மாற்றங்கள்.

இவ்வாணைகளுள் இரண்டை ஒப்பிடுதல் நன்று. 2020 செப்டம்பர் ஆணை உடனடியாக நடப்பிற்கு வந்தது. இடைக்கால ஏற்பாடு பொருந்தாது எனவும் அதிற் கூறப்பட்டது. வழியிலிருந்த சரக்குத் துறைமுகங்களிலும் எல்லைகளிலும் தேங்கிய பின்னரே தளர்வுகள் தரப்பட்டன. 2023 திசம்பர் ஆணையோ, முன்னரே ஏற்றத் தொடங்கிய சரக்கிற்கும் சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்கிற்கும் வழிவிட்டது. தடை ஒன்றே. ஆயினும் ஒரு பத்தியின் வேறுபாடு துறைமுகத்தின் நிலையை மாற்றவல்லது. மேலும் 2020 அக்டோபரில், பெங்களூர் உரோசு வெங்காயமும் கிருட்டிணாபுரம் வெங்காயமும் தலைக்கு 10,000 டன், சென்னைத் துறை வழியாக மட்டும் ஏற்றுமதி செய்ய இசைவு தரப்பட்டது. எத்துறை வழி என்பதையும் ஆணையே வகுத்தது. திண்டுக்கல்லின் சின்ன வெங்காயம் அவ்விசைவிற் குறிக்கப்படவில்லை. சின்ன வெங்காயத்தைப் பெரிய வெங்காயத்தினின்று பிரித்து நோக்க வேண்டும் என்பது தமிழக உழவரின் நெடுநாள் வேண்டுகோள். வடபுலத்துப் பெரிய வெங்காயத்தின் விலை உயர்வைத் தணிக்க எழுந்த ஆணை, அதனோடு தொடர்பற்ற பயிரையும் கட்டிற்று.

அரசின் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் ஆய்வறமன்று. வெங்காய விலை ஏறினால் முதலில் வாடுவது நகரத்து ஏழைக் குடும்பம். உள்நாட்டு உணவைக் காத்தல் அரசின் கடன். அயல்நாட்டு அரசுகளும் இதனைச் செய்தே வந்துள்ளன. 1970-களில் இலங்கை அரசு வெங்காயம், மிளகாய் ஆகியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து உழவர் செழித்தனர். 1977-இல் கட்டுப்பாடு தளர்ந்ததும் அவர்கள் நலிந்தனர். கடலின் ஒரு கரையில் எழுதப்பட்ட ஆணை மறுகரை உழவனின் வாழ்வை மாற்றுகின்றது. ஆதலின் ஆணையே கூடாது என்பது நம் கருத்தன்று. ஆணையின் காலமும் முறையும் ஆராயப்படுதல் வேண்டும் என்பதே கருத்து.

காணப்படாத தேக்கம்

மேற்கூறியவற்றால் ஒரு முடிபு பெறப்படுகின்றது. ஏற்றுமதித் தடை வந்த சில நாட்களில் துறைமுகம் ஒழிந்து காணப்படலாம். கப்பல் காத்திருப்புக் கணக்கும் குறைந்து தோன்றலாம். ஆனால் தேக்கம் அழிந்ததன்று. அது துறையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து களத்திற்கும் இடம் மாறியதேயாகும். கடலிற் காத்திருக்கும் கப்பலுக்குத் தாமதக் கட்டணம் உண்டு. அதனைக் குறிக்க ஏடும், கோர வழக்கு மன்றமும் உண்டு. மண்டியிற் காத்திருக்கும் மூட்டைக்கு அத்தகைய ஏடில்லை. அதன் தாமதக் கட்டணம் அன்றைய விலை வீழ்ச்சியாக உழவன் தலையில் இறங்குகின்றது. துறைமுகப் புள்ளிவிவரங்களை மட்டும் கொண்டு தேக்கத்தை ஆராய்வோர் இப்பகுதியைக் காணாதொழிகின்றனர்.

எனவே கருதத்தக்கன மூன்று. ஒன்று, ஏற்றுமதி இறக்குமதி ஆணைகளில் வழியிலுள்ள சரக்கிற்கு இடைக்கால ஏற்பாடு எப்போதும் உறுதி செய்யப்படுதல் வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் மோட்டுப்பள்ளிக் கல்வெட்டு வணிகர்க்கு அளித்த உறுதியின் சாரமும் அதுவே. இரண்டு, வரிவிலக்குகளின் காலம் கப்பற் பயணத்தின் காலத்தினும் நீண்டதாய் இருத்தல் வேண்டும். மூன்று, ஒரு பெயரால் வழங்கும் பொருள்களுள் வட்டார வேறுபாடு உண்டு என்பதை ஆணை எழுதுவோர் உணர்தல் வேண்டும்.

தமிழாய்வாளர்க்கும் இதிற் பணி உண்டு. பட்டினப்பாலையும் கல்வெட்டுகளும் துறைமுகத்தைப் பற்றிக் கூறுவனவற்றை நாம் தொகுத்துள்ளோம். அண்மை நூற்றாண்டுகளின் மண்டிக் கணக்கேடுகள், தோணிக்காரர் வழக்குச் சொற்கள், தோற்கூடத்துக் கடிதங்கள் ஆகியவற்றைத் தொகுப்பாரில்லை. திண்டுக்கல், சின்னாளபட்டி, ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் ஆகிய ஊர்களின் வணிகக் குடும்பங்களில் எஞ்சியுள்ள ஏடுகள் ஆண்டுதோறும் செல்லரித்து வருகின்றன. ஆணை பிறந்த நாள் அரசிதழிற் பதிவாகியுள்ளது. அவ்வாணை சந்தையை அடைந்த நாள் அவ்வேடுகளில் மட்டுமே உள்ளது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வு இனித்தான் தொடங்கப்பெற வேண்டும்.